முதல் மழைக்கு மூன்றாம் நாள்

நாற்பதடி உயரத்தில், ஆயினி மரத்தின் முதல் பெரிய கவையில் காலை மடக்கி உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கியபோது ஒச்சப்பனுக்கு மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் இந்த இடத்துக்கு வந்துதான் முதல் பீடியைப் பற்றவைப்பார். இப்போது இந்த இடத்துக்கு வந்துதான் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். ஐம்பத்தாறு வயசுக்காரன் ஏறும்போது மட்டும் மரம் வளர்ந்துகொண்டே போகுது என்று காலையில் தங்கச்சி செவனம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் இப்போது கீழே ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்று காத்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து அவள் தலையில் கட்டிய பச்சைத் துண்டு மட்டும்தான் தெரிகிறது. முந்தாநாள் பெய்தது இந்த வருஷத்தின் முதல் கோடைமழை. முதல் மழைக்கு மூன்றாம் நாள் மரத்தில் ஏறு என்பது கிளை கழிக்கிற கவ்வாத்துக்காரர்களின் சட்டம். முதல் நாள் பட்டை வழுக்கும், இரண்டாம் நாள் காயும், மூன்றாம் நாள் அரிவாள் சொன்னபடி கேட்கும். ஏலச்செடி இருக்கிறதே, அது சீர் பத்தாத சம்பந்தி மாதிரி, எப்படிச் செய்தாலும் குறை சொல்லும். மேலே கிளை அடர்ந்து கிடந்தால் ஆனி ஆடிச் சாரலில் காய் அழுகிக் கொட்டும். கிளையைக் கழித்துவிட்டு மழை வராமல் போனால் செடி வெந்துபோகும். ஆகவே மழை வரும் என்று நம்பித்தான் வெட்ட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அப்படி நம்பி வெட்டியவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, செவனம்மாவின் இதே ஒன்றரை ஏக்கரில், இதே மாதிரி மூன்றாம் நாள் ஏறி வெட்டினார். சரி, அதை இப்போது எதற்கு நினைப்பது. அரிவாளை உருவ வேண்டும். கிழக்குப் பக்கத்துக் கிளையிலிருந்து தொடங்க வேண்டும். கை இடுப்பு வரைக்கும் போனது, அரிவாள் பிடியைத் தொட்டது, தொட்டபடியே நின்றது.

சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் போன் நடுங்கியது. கீழே டவர் கிடையாது. மரத்தில் ஏறினால் உண்டு. மேலே வந்ததும் இரண்டு நாள் செய்தியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும், எல்லாம் ரீசார்ஜ் பண்ணு ரீசார்ஜ் பண்ணு என்கிற புலம்பல். செவனம்மா தன் புருஷன் காசிமாயனிடம் பேச ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மைல் நடந்து ரோட்டு வளைவுக்குப் போகிறாள். காசிமாயன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான். போனை எடுக்காமல் ஒச்சப்பன் எதிர்ச்சரிவைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பார், கண் அங்கேதான் போகும், பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. அவர் முதன்முதலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிய காலத்தில் அந்தச் சரிவு முழுக்கச் சோலை. பகலில் உள்ளே போனால் கண் பழக நேரமாகும். பிறகு அடிக்காட்டை எடுத்துவிட்டு ஏலம் வைத்தார்கள். பிறகு நிழல் அதிகம் என்று கிளையைக் கழித்தார்கள், காய் காயவைக்கிற ஸ்டோருக்கு விறகும் ஆயிற்று. கழித்துக் கழித்து மரங்கள் மேலே கொஞ்சம் கொண்டையோடு மட்டும் நின்றன, நின்றவை காற்றில் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றினார்கள். மிளகும் சரிப்படாமல் போய், இப்போது பாதிச் சரிவை மண் அள்ளும் இயந்திரம் வழித்துவிட்டது. நீலத் தகரக் கூரை போட்ட தங்கும் விடுதிகள், வெயிலில் பார்த்தால் கண் கூசுகிறது. அதற்கும் மேலே புல்மேடாக இருந்ததெல்லாம் தைலமரம். யார் வெட்டினார்கள் என்று இந்தக் கண் கேட்கும். முதலாளி சொன்னான், நான் வெட்டினேன் என்று இந்தக் கை சொல்லும். அந்தச் சரிவில் அவர் ஏறாத மரம் கிடையாது. அப்போது மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி மூடிவிடும், கீழே நிற்கிறவன் முகம் தெரியாது, சோற்றுச் சட்டியை யாராவது தட்டினால்தான் இறங்கி வருவார்கள். மேகம் இறங்கி எத்தனை நாளாயிற்று. மார்கழியில் ஒரு தடவை. அதற்கு முன்னால் எப்போது என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. வயசாகிவிட்டது, எல்லாம் மறக்கிறது, மறக்க வேண்டிய ஒன்றைத் தவிர.

ஒரு முசுறு எறும்பு புறங்கையில் ஏறியது. ஊதிவிட்டார். போன மாசிக்கு முந்தின மாசியில் ஆராய்ச்சிக்கு வந்த பெண் ஒருத்தி இந்த மரத்தில்தான் வெள்ளை டப்பா ஒன்றைக் கட்டச் சொன்னாள், இவர்தான் ஏறிக் கட்டினார். அதே மாதிரி டப்பா ஒன்று எதிர்ச்சரிவில் கம்பத்தில். சூட்டைக் குறித்து வைக்கிற டப்பா. ஒரு மாசம் கழித்து வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இங்க இருபத்தஞ்சு இருக்கும்போது அங்க முப்பத்தஞ்சு இருந்திருக்கு," என்றாள். இதைச் சொல்ல டப்பா எதற்கு, செருப்பில்லாமல் நடந்தால் கால் சொல்லும், என்று இவர் நினைத்தார், ஆனால் சொல்லவில்லை, நல்ல பெண். மரம் உறிஞ்சுகிற தண்ணீரை இலைவழியாக விடுகிறது, அதுதான் மத்தியானத்தில் மேகமாய் நிற்கிறது, சரிவு சரிவாக மொட்டையடித்துக்கொண்டே போனால் மேகத்துக்கு ஊட்டுவதற்கு ஆளில்லை, மழையும் தன் மாசத்தை மறந்துவிடும், அப்புறம் மிச்சமிருக்கிற காட்டுக்கும் எப்போது தளிர்ப்பது எப்போது பூப்பது என்று பிடிபடாது, என்று அவள் தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே சொன்னாள். நீங்க இதுவரைக்கும் எத்தனை மரம் கவ்வாத்து பண்ணியிருப்பீங்கண்ணா என்றும் கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளக் கேட்டாள். தலையில் எத்தனை முடி என்று கேட்கிற மாதிரி இருந்தது. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டினவன் என்று ஒரு முட்டாளைப் பற்றிச் சொல்வார்களே, அவன் ஒரே ஒரு மரத்தைத்தான் வெட்டினான், என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலுக்கு ஒன்பது மணியே உச்சி. பெய்த மழை மண்ணில் இரண்டு விரற்கடைகூட இறங்கியிருக்காது. காலையில் செடியடியில் விரலைவிட்டுப் பார்த்தார், மேலே ஈரம், கீழே பொடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்தது இதைவிட நல்ல மழை. அதுதான் ஏமாற்றியது. ஓடையில் தண்ணீர் போனது, தவளை கத்தியது, மூன்றாம் நாள் இவர் ஏறினார். செவனம்மா இதே இடத்தில் நின்று, "கொஞ்சம் விட்டு வெட்டுண்ணே, அடுத்த மழையப் பாத்துட்டு மிச்சத்த வெட்டிக்கலாம்," என்றாள். அவள் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. இவர் சொன்னதும் இருக்கிறது. "நீ அடுப்பப் பாரு, மரத்த நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார் வேறே. நான்கு நாளில் பதினேழு மரத்தையும் ஒட்டக் கழித்தார், கீழே வெளிச்சம் வட்டவட்டமாக விழுந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அறுபத்தெட்டு நாள் ஒரு சொட்டு விழவில்லை. இலை முதலில் ஓரத்தில் மஞ்சளித்தது, பிறகு வெந்நீரை ஊற்றின மாதிரி வெளுத்தது, பிறகு நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். செவனம்மா மேல் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். ஊற்றும் நின்றது. அதற்கப்புறம் ரோட்டு வளைவிலிருந்து சுமந்தாள், அவள் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்று, இன்னும் நேராகவில்லை. அப்புறம் அந்த வாசனை. ஏலச்செடி வெயிலில் வேகும்போது ஏலக்காய் வாசனைதான் வரும், வேறென்ன வரும். மலை முழுக்கப் பாயாசம் காய்ச்சுகிற வாசனை, பத்து நாள், பன்னிரண்டு நாள். அதிலிருந்து அவருக்குப் பாயாசம் ஆகாது. போன தையில் அக்காள் மகள் கல்யாணத்தில் இலையில் ஊற்றியதை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தார். என்ன மாமா சக்கரையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். ஒரு பொய்யோடு இன்னொன்று.

ஒரு பொய்யோடு. வந்துவிட்டது. எதை எண்ணாமல் இருக்க எதிர்ச்சரிவையும் எறும்பையும் டப்பாவையும் எண்ணிக்கொண்டிருந்தாரோ அது மரமேறி வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது. ரோட்டு வளைவு டீக்கடை. செடியெல்லாம் கருகின அந்த ஆனி மாசம். கடையில் நாலைந்து தோட்டக்காரர்கள், அடுத்த வருஷம் இவரைக் கூப்பிடுகிறவர்கள். ஒருத்தர் கிளாஸை ஆற்றிக்கொண்டே, "என்ன ஒச்சப்பா, ஒந்தங்கச்சி தோட்டத்துலயே இப்பிடிப் பண்ணிப்புட்ட," என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். தொழிலில் முப்பது வருஷப் பேர், அது ஒரு நொடியில் கீழே விழப்போகிற மாதிரி இருந்தது, எட்டிப் பிடித்தார், கையில் அகப்பட்டது தங்கச்சி. "நான் என்ன பண்றது, அவதேன் வெளிச்சம் நல்லா விழணும், ஒட்ட வெட்டுண்ணேன்னா. சொன்னாக் கேட்டாத்தான." சொல்லி வாய் மூடவில்லை, உள்பெஞ்சில் காசிமாயன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கையில் பாதி வடை. வடையைக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான். பதினோராம் நாள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். போகிறபோது அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம், ஒனக்கு ஆசை சாஸ்தியாப் போச்சு என்று. இரண்டு மாசத்துக்கு ஒருதரம் வருகிறான், பணம் கொடுக்கிறான், தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை. அவள் தனியாக, பக்கத்துத் தோட்டங்களில் கெஞ்சித் தட்டைக் கன்றுகள் வாங்கி வந்து மறுபடி நட்டாள். இரண்டு வருஷம் வளர்த்தாள். இந்த வருஷம்தான் முதல் பூச்சரம் போட்டிருக்கிறது. இது காய்த்தால் அவன் திரும்பி வருவான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு செடியையும் அவள் தொடுகிற விதத்தில் அது இருக்கிறது. இவர் மூன்று வருஷமாக வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. வானம் பொய்த்தது உண்மைதான், யார் இல்லை என்றது. ஆனால் கொஞ்சம் விட்டு வெட்டு என்று ஒருத்தி சொன்னாளா இல்லையா. போன வாரம் அவள் வந்து, "மழை விழுந்தா வாண்ணே," என்று கூப்பிட்டபோது இவருக்கு அழுகை வந்தது. வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டார். "வேற ஆளு எதுக்கு," என்றாள். அவளுக்குத் தெரியாது, அதுதான் கூப்பிடுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தார். அதை நினைத்து ஆறுதல் வேறே பட்டுக்கொண்டார், வெட்கங்கெட்ட மனசு.

தலைக்கு மேலே தொங்கிய நுனிக்கிளையை இழுத்துப் பார்த்தார். மொட்டின் மேலுறை கழன்று உள்ளே சுருண்ட தளிர் பளபளவென்று வெளியே வந்திருந்தது. ஒன்றல்ல, கைக்கு எட்டின எல்லா நுனியிலும். ஒரு மழைக்கு. போன ஐப்பசியில் ஒரு தடவை தளிர்விட்டு, பிறகு காய்ச்சல் தாங்காமல் அத்தனையையும் கொட்டியது இந்த மரம். பூவும் பிஞ்சாகாமல் உதிர்ந்து கிடந்ததை இவரே கூட்டி ஒதுக்கினார். இப்போது மறுபடி நம்பிவிட்டது. இருநூறு வருஷ மரம், எத்தனை மழை பார்த்திருக்கும், அதுவும் முந்தாநாள் பெய்த கைப்பிடித் தூறலை நம்பிக்கொண்டு இருக்கிறதையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டது. நீயுமாடா என்று கேட்கத் தோன்றியது. தளிரைத் தொட்டார், ஈரமாக, குழந்தை காது மாதிரி இருந்தது. வெட்டினால் செடிக்கு வெளிச்சம். மழை வந்தால் முதல் காய். வராவிட்டால் மறுபடி அப்பளம் நொறுங்குகிற சத்தம். வெட்டாமல் விட்டு, சாரல் பேய் மாதிரி பிடித்துக்கொண்டால் அழுகல், சரத்தோடு கொட்டும். மழை பேய்ஞ்சும் கெடுக்கும் காய்ஞ்சும் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அரிவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எந்தக் கெடுதலுக்கு ஏற்பாடு செய்வது. முன்பு தெரியும். மண் வாசனையில் தெரியும், காற்று எந்தக் கணவாய் வழியாக வருகிறது என்பதில் தெரியும். இப்போது தெரியாது. இதை ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அப்படியே கவையில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

"என்னண்ணே, தூங்கிட்டயா?"

"இல்லத்தா. பாத்துக்கிருக்கேன்."

"எம்புட்டு நேரமாப் பாப்ப. மூணாம் நாளுன்னு நீதான வெள்ளனயே வந்து எழுப்புன."

அவர் அரிவாளை உருவினார். கிளையில் வெட்டு போட வேண்டிய இடத்தில் அரிவாளை வைத்தார். வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். கீழே பச்சைத் துண்டு அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது, சண்டையில்லாமல், அடுப்படியில் உப்புக் கேட்கிற குரலில்.

"பயமா இருக்காண்ணே? சும்மா வெட்டு. காஞ்சு போச்சுன்னா, போன தடவ டீக்கடையில சொன்ன மாதிரியே நாஞ்சொல்லித்தேன் வெட்டுனன்னு சொல்லிக்க."

மரம் ஆடவில்லை, காற்றே இல்லை, ஆனாலும் அவர் அரிவாளில்லாத கையால் கவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்பினாள், முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், மழை விழுந்தால் வா என்று கூப்பிட்டாள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அரிவாளை இடுப்பில் செருகினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

"நீ அப்பிடிச் சொல்லலத்தா. நீ விட்டு வெட்டுன்னுதேன் சொன்ன. நாந்தேன் ஒட்ட வெட்டுனேன். வெட்டிப்புட்டு ஒம்மேல போட்டேன்."

களைக்கொத்துச் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியாதாண்ணே அது," என்றாள் செவனம்மா. "இப்ப வெட்டுறயா, எறங்குறயா?"

"இன்னைக்கு வெட்டல. மூணாம் நாள் கணக்கெல்லாம் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது மழை வரட்டும், அப்ப வந்து கெழக்கால மட்டும் கழிக்கிறேன். அதுக்குள்ள சாரல் பிடிச்சு அழுகல் வந்துச்சுன்னா அது என்னாலதேன். ஊருக்கே சொல்லிர்றேன்."

"ஊருக்குச் சொல்லி எனக்கு என்னாகப் போகுது." அவள் துண்டை அவிழ்த்தாள். இப்போது அவள் முகம் தெரிந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி. "மேல டவர் கெடைக்கும்ல. இப்பச் சொன்னயே, அத அவுகளுக்குப் போன் போட்டுச் சொல்லு."

ஒச்சப்பன் சட்டைப் பையைத் தொட்டார். பிளாஸ்டிக் உறை வியர்வையில் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. உரித்து எடுக்க நேரமாயிற்று. மூன்று வருஷத்தில் காசிமாயனுக்கு அவர் போட்ட முதல் போன் இது. பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் திரை இரண்டு தடவை அணைந்தது. மணி போனது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார். கீழே செவனம்மா செடிகளுக்கு நடுவில், நிழலில், சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஆறாவது மணியில் எடுத்தான். பின்னால் இயந்திரங்கள் ஓடுகிற இரைச்சல்.

"சொல்லுங்க மச்சான்," என்றான் காசிமாயன். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அங்கிட்டு மழை பேஞ்சுச்சா?"

"பேஞ்சுச்சு மாப்ள, முந்தாநாளு," என்றார் ஒச்சப்பன். "நான் அதச் சொல்லக் கூப்பிடல."